மனு எழுதிய கை

போன வாரம் முதுகலை படிக்கும் தம்பி ஒருவர் போனில் கேட்டார்: "அக்கா, முன்னாடியெல்லாம் நிறைய எழுதுவீங்களே, இப்ப ஏன் எழுதுறதே இல்ல?" எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. எழுதாமலா இருக்கிறேன்? அந்த வாரத்தில் மட்டும் ஆட்சியருக்கு இரண்டு மனு, காவல் கண்காணிப்பாளருக்கு ஒன்று, பட்டா கேட்டு ஒன்று, உண்மை அறியும் குழு அறிக்கையில் பதினோரு பக்கம். போனை வைத்த பிறகுதான் அவர் கேட்டது உறைத்தது. "மேற்படி கிராமத்தில் வசித்து வரும்" என்று தொடங்காத ஒரு வாக்கியத்தை நான் எழுதி இரண்டு வருடமாகிறது.

களத்தில் இருக்கும் பலருக்கும் இது நடக்கிறது. நேரமில்லை, சோர்வு என்று சொல்லிக்கொள்கிறோம். எனக்கு அது மட்டும் காரணமாகத் தெரியவில்லை.

ரேஷன் கடை வரிசையில் ஒரு அக்காவைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டிவிட்டார்கள். புகார் எழுத அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்ட பிறகு, சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவதற்கென்றே 3(1)(எஸ்) பிரிவு இருக்கிறது. ஆனால் அது பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்க வேண்டும். எனவே யார் யார் நின்றார்கள், எத்தனை மணி, எந்தப் பக்கம், என்ன வார்த்தை, எல்லாம் கேட்க வேண்டும். "அந்த வார்த்தைய அப்படியே சொல்லுங்கக்கா" என்றேன். அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். மறுபடியும் கேட்டேன். 'இழிவாகப் பேசினார்' என்று மட்டும் எழுதினால் வழக்கு வலுவிழந்துவிடும். மூன்றாவது முறை சொன்னார். எழுதிக்கொண்டேன்.

காகிதங்களை அடுக்கும்போது அவராகவே பேசினார். அன்று காலையில்தான் அவருடைய ஆடு இரண்டு குட்டி போட்டதாம். அந்தச் சந்தோஷத்தில்தான் கடைக்குப் போனாராம். "அது வேணாங்கா, கேஸுக்குத் தேவையில்ல" என்றேன்.

சட்டப்படி நான் சொன்னது சரி. ஆனால் அதே பழக்கம் என் தலைக்குள்ளும் உட்கார்ந்துவிட்டது. எதைப் பார்த்தாலும் வழக்குக்குத் தேவை, தேவையில்லை என்று இரண்டாகப் பிரிக்கிறேன். முன்பு வேலை பார்த்த ஒரு தொண்டு நிறுவனத்தில் இதையே வேறு விதமாகக் கற்றுக்கொடுத்தார்கள்: இருநூறு வார்த்தையில் ஒருவருடைய துயரம், கடைசியில் சிரித்த முகத்தோடு ஒரு படம். சமூகவியல் படித்துவிட்டு வந்தவள் நான். மனிதர்களைத் தகவலாக மாற்றுவதைப் பற்றிப் பக்கம் பக்கமாகத் தேர்வில் எழுதியிருக்கிறேன். மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

அண்ணல் அம்பேத்கரின் 'வெயிட்டிங் ஃபார் எ விசா'வைப் பலரும் படித்திருப்பீர்கள். சிறுவனாக இருந்தபோது, கோரேகாவில் வேலை பார்த்த அப்பாவிடம் போகக் கிளம்பிய கதை அதில் வருகிறது. மசூர் ரயில் நிலையத்தில் இறங்குகிறார்கள். சாதி தெரிந்ததும் ஸ்டேஷன் மாஸ்டர் முகம் மாறுகிறது. வண்டிக்காரர்கள் ஏற்ற மறுக்கிறார்கள். இரட்டைக் கூலி கொடுத்து, தாங்களே வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறார்கள். சாப்பாடு இருந்தும் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் இரவு கழிகிறது. நான் எழுதியிருந்தால் ரயில் நிலையத்தில்தான் தொடங்கியிருப்பேன். அவர் அந்தப் பயணத்துக்காக வீட்டில் வாங்கிய புதுச் சட்டை, தொப்பி, பட்டுக்கரை வேட்டியிலிருந்து தொடங்குகிறார். அந்தக் குழந்தைகள் எவ்வளவு குதூகலமாகக் கிளம்பினார்கள் என்று தெரிந்தால்தான், ரயில் நிலையத்தில் எது பறிக்கப்பட்டது என்று தெரிகிறது. அக்காவின் ஆட்டுக்குட்டிகளும் அப்படித்தான்.

"ஜனங்க அடி வாங்கிட்டு இருக்காங்க, இப்பப் போய்க் கதை கவிதையா தோழர்?" என்று கூட்டங்களில் கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியை நான் கேலி செய்யமாட்டேன். மனு காத்திருக்காது. எஃப்.ஐ.ஆர். பதிவாகாமல் வழக்கும் இல்லை, நிவாரணமும் இல்லை. ஆனால் ரெட்டமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' தொடங்கினார். சித்த வைத்தியம் பார்த்துக்கொண்டே அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். அம்பேத்கர் 1920இல் 'மூக்நாயக்' கொண்டுவந்தார். அவர்கள் யாரும் வேலை முடிந்த பிறகு மிச்ச நேரத்தில் எழுதியவர்களாக எனக்குத் தோன்றவில்லை. எழுத்தே வேலையாக இருந்தது. நம் அமைப்புகளில் தன்னார்வலராக வரும் பிள்ளைகளிடம் உடனே படிவத்தைத்தான் நீட்டுகிறோம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது அவர்களை அறிக்கை வாங்காமல் எழுத விடுங்கள். தலைவர்கள் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

எனக்கு எழுத்து திரும்பியது ஒரு பையனால். காலனி சமுதாயக் கூடத்தில் மாலை வகுப்பு எடுக்கிறோம். 'எங்கள் ஊர்' என்று எழுதச் சொன்னேன். எட்டுப் பேர் எழுதினார்கள். ஏழு பேர் தீண்டாமை பற்றி, ஏறக்குறைய ஒரே வார்த்தைகளில். எங்களுக்கு என்ன வேண்டும் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது! ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் ஏரி வற்றும்போது மீன் பிடிப்பதை எழுதியிருந்தான். கெளுத்தியை எங்கே பிடித்தால் முள் குத்தாது, குரவை சேற்றுக்குள் எப்படிப் பதுங்கும் என்று ஒன்றரைப் பக்கம். கடைசி வரியில், குத்தகைக்காரர் வந்து சட்டியைக் கவிழ்த்துவிட்டுத் துரத்தியதும், துரத்தும்போது சொன்ன வார்த்தையும் இருந்தன. அதற்கு அடுத்த வரியில்லை. நோட்டை நீட்டிக்கொண்டு, "மீன் பத்தி ஜாஸ்தி எழுதிட்டேன், அடிச்சிடவாக்கா?" என்று கேட்டான்.

"அடிக்காத தம்பி" என்றேன். அன்றிரவு நானும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். மனுவுக்கு ஒரு நோட்டு, இதற்கு ஒன்று. முதலில் அந்த அக்காவின் காலையை எழுதினேன். நன்றாக வரவில்லை. இரண்டு வருடம் பேசாத வாய் மாதிரி திக்கியது. மூன்று முறை திருப்பி எழுதினேன்.

வழக்கு வாய்தாவுக்கு வந்தபோது, நீதிமன்ற வாசலில் டீ குடித்துக்கொண்டே அதை அவருக்குப் படித்துக் காட்டினேன். புகாரைப் படித்துக் காட்டியபோது "சரி" என்று மட்டும் சொல்லிக் கைநாட்டு வைத்தவர், இப்போது பாதியிலேயே நிறுத்தினார்.

"கறுப்புக் குட்டின்னு எழுதியிருக்க. ரெண்டும் செவலைம்மா. ஒண்ணுக்கு மட்டும் நெத்தியில வெள்ள. அத எழுது."