ஏ.ஆர்.டி. மையத்தில் ஓர் இ.சி.ஜி.

“நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதுங்க டாக்டர்” என்றார் அந்த அம்மா. பல ஆண்டுகளாக ஒரு வேளை எச்.ஐ.வி. மாத்திரையைக்கூடத் தவறவிடாதவர். வைரல் லோடு கண்டறியும் அளவுக்குக் கீழே, சி.டி.4 எண்ணிக்கை 500-ஐத் தாண்டியிருந்தது. “எல்லாம் நல்லாத்தான் இருக்கு, பயப்படாதீங்கம்மா” என்று அனுப்பிவிட்டேன். நாடிகூடப் பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் வீட்டில் மயங்கி விழுந்தார். வயிற்றுப்போக்குக்காக வெளியே வாங்கிய அசித்ரோமைசினும் ஆன்டான்செட்ரானும் அவர் என் எதிரே உட்கார்ந்திருந்தபோதே உடம்பில் இருந்தன. நான் கேட்கவில்லை. பொட்டாசியம் 2.9. நல்ல வேளையாகப் பிழைத்துக்கொண்டார்.

வைரஸ் அடங்கிவிட்டால் அழற்சியும் அடங்கிவிட்டது என்று நம் மனம் தானாகவே கணக்குப் போட்டுவிடுகிறது. 5,472 பேர் பங்கேற்று 2006-இல் வெளியான ‘ஸ்மார்ட்’ ஆய்வில், சிகிச்சையை இடையிடையே நிறுத்தியவர்களே அதிகம் இறந்தார்கள். சேமித்த ரத்தத்தைப் பிறகு சோதித்தபோது இன்டர்லூகின்-6, டி-டைமர் இரண்டும் மரணத்தோடு நெருங்கிய தொடர்பு காட்டின. தொற்றின் தொடக்கத்திலேயே சிதைந்த குடல் தடுப்புச் சுவர் முழுதாகச் சீராவதில்லை. அதன் வழியே பாக்டீரியாக் கூறுகள் ரத்தத்தில் கசிந்துகொண்டே இருக்கின்றன.

இதயத் துடிப்போடு இந்த அடங்காத அழற்சி சேரும் இடம்தான் நமக்கு முக்கியம். இன்டர்லூகின்-6, இதயத் தசையின் ஹெர்க் பொட்டாசியம் வாயிலை மட்டுப்படுத்துகிறது. அசித்ரோமைசின் போன்றவை கைவைப்பதும் அதே வாயிலில்தான். போதாததற்கு, கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளையும் அழற்சி மந்தமாக்குகிறது. ஆக, நாம் மாத்திரை எழுதுமுன்பே இ.சி.ஜி.யில் க்யூ.டி. இடைவெளி நீளத் தொடங்கியிருக்கலாம்.

சான்ஃபிரான்சிஸ்கோவில் எச்.ஐ.வி. உள்ளோரிடையே திடீர் இதய மரணம் எதிர்பார்த்ததைவிட நான்கு மடங்குக்கும் மேல் என்று 2012-இல் வந்த ஆய்வு சொன்னது. அதே ஊரில் உடற்கூறாய்வு செய்து 2021-இல் வெளியிட்ட முடிவுகளில், அப்படிக் கருதப்பட்ட மரணங்களில் மூன்றில் ஒரு பங்கு உண்மையில் போதைப்பொருள் மிகுதியால் நேர்ந்தவை. ஆனால் இதயத் தசையில் நார்த்திசு கூடியிருந்ததும் அங்கேதான் தெரிந்தது. எண்ணிக்கை குறைந்தாலும் கவலை குறையவில்லை.

இ.சி.ஜி. எடுத்தால் மட்டும் போதாது. இயந்திரம் அச்சிடும் எண்ணை அப்படியே நம்பவும் கூடாது. ஆர்-ஆர் இடைவெளி 15 சிறு கட்டங்கள், க்யூ.டி. 10 சிறு கட்டங்கள் என்று வையுங்கள். துடிப்பு நிமிடத்துக்கு 100, க்யூ.டி. 400 மில்லி விநாடி. பாசெட் சூத்திரம் 516 என்று மிரட்டும். ஃப்ரிடெரிசியா 474 என்று சொல்லும். நம் நோயாளிகள் பலருக்கு ஓய்விலும் துடிப்பு வேகம்தான். ஃப்ரிடெரிசியாவைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். 500-ஐத் தொட்டால் அன்றே மருந்தை மாற்றுங்கள். பொட்டாசியமும் மக்னீசியமும் பாருங்கள். பெடாகுயிலின், குளோஃபாசிமின், மாக்ஸிஃப்ளாக்சசின் சேரும் காசநோயாளிகளிடம் இந்தக் கவனம் இருக்கிறது. ஃப்ளூகோனசோல் எழுதும்போதும் ஹாலோபெரிடால் தொடரும்போதும் அது நழுவிவிடுகிறது.

அந்த அம்மா இப்போது வரும்போதெல்லாம், வெளியே வாங்கிய மாத்திரை அட்டைகளைக் காலியானவை உட்பட ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவருகிறார். மேசைமேல் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். மூன்று நிமிடம் ஆகிறது.