ஸ்ட்ராங்குதான் பீரா? ஒரகடம் தம்பிகளுக்கு ஒரு கணக்கு!

ஒரகடம் கூட்டு ரோடு. சாயங்காலம் நாலு மணி. முதல் ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. கலர் கலராக யூனிபாரம். கழுத்தில் அடையாள அட்டை. பாதிப்பேர் டீக்கடைக்குப் போகிறார்கள். மீதியில் கொஞ்சம்பேர் இன்னொரு கடைக்கு!

டீக்கடை பெஞ்சில் நம் பக்கத்தில் ஒரு வாலிபர் வந்து உட்கார்ந்தார். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். கான்டிராக்ட் வேலை. ரூமில் ஆறு பேர். பேச்சு எங்கெங்கோ சுற்றி, கடைசியில் பீரில் வந்து நின்றது.

"அண்ணே, உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே. எந்த பீரு நல்ல பீரு?"

"நீ எது சாப்பிடுவே தம்பி?"

"ஸ்ட்ராங்குதான்! லைட்டு வாங்க நான் என்ன பைத்தியமா? ஏறவே ஏறாது. காசு தண்டம்!"

இந்த ஒரு பதிலில் தமிழ்நாட்டு பீர் சரித்திரமே அடங்கிக் கிடக்கிறது.

நாம் பீர் பிரியர். அதை மறைக்க விரும்பவில்லை. குடிக்காதவர்கள் இதைப் படித்துவிட்டு ஆரம்பிக்க வேண்டாம். அவர்கள் கொடுத்து வைத்தவர்கள். குடிக்கிற தம்பிகளுக்குத்தான் இந்தப் பேச்சு.

இட்லி மாவு மாதிரிதான்!

பீர் என்றால் என்ன? பார்லியை ஊறவைத்து, முளைகட்ட வைத்து, காயவைத்து அரைக்கிறார்கள். வெந்நீரில் கரைத்தால் இனிப்புத் தண்ணீர் கிடைக்கும். அதில் 'ஹாப்ஸ்' என்ற கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்க வைத்து, ஆறியதும் ஈஸ்ட் சேர்ப்பார்கள். ராத்திரி கரைத்து வைத்த இட்லி மாவு காலையில் பொங்குகிறதே, அதே சங்கதிதான். பொங்குகிற நாள்தான் அதிகம்.

வெள்ளைக்காரன் வந்துதான் நமக்கு இது தெரியும் என்று நினைக்காதீர்கள். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், வலைஞர் வீட்டில் மது செய்கிற முறையே வருகிறது. அரிசியைக் கூழாகக் காய்ச்சி, அகன்ற தட்டில் ஆறவைத்து, முளையடை கலந்து, சாடியில் இரண்டு பகல் இரண்டு இரவு வைத்து, விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். அரிசி பீர் இல்லாமல் வேறென்ன? காஞ்சிபுரத்துக்கும் ஒரகடத்துக்கும் எவ்வளவு தூரம்? ஒரு பஸ் டிக்கெட்!

பாட்டில் பீருக்கும் இங்கே பழைய கதை உண்டு. நீலகிரியில் காசில் ப்ரூவரி 1857-ல் ஆரம்பமானது. அதையும் சேர்த்து ஐந்து தென்னாட்டு ஆலைகளை 1915-ல் ஒன்றாக்கினார் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். அதுதான் யுனைடெட் ப்ரூவரீஸ், கிங்பிஷர் கம்பெனி! நம் பக்கத்திலேயே அரண்வாயலிலும் குத்தம்பாக்கத்திலும் ஆலை நடத்திய கம்பெனி. 2021-ல் ஹாலந்து நாட்டு ஹெய்னகன் கைக்குப் போய்விட்டது.

என் பட்டியல்

"சரிண்ணே, உங்களுக்கு எது பிடிக்கும்?" என்றார் தம்பி. சொன்னோம்.

முதலாவது, சாதாரண லாகர். 5 சதத்துக்குள் வீரியம். குளிர்ச்சியில் மெதுவாகப் பொங்கவைத்த மஞ்சள் பீர். இந்த ஜாதிக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பொஹீமியாவில் உள்ள பில்சன் ஊர், 1842-ல். நம்ம ஊர் வெயிலுக்கு இதுதான் லாயக்கு. ஆனால் ஜில்லென்று இருக்கவேண்டும்!

இரண்டாவது, கோதுமை பீர். பெங்களூரில் 2010-ஐ ஒட்டி, ஓட்டலிலேயே காய்ச்சி ஊற்றும் சின்ன ஆலைகள் வந்தன. இந்திரா நகர் 'டாய்ட்' அதில் முன்னோடி. கலங்கலாக இருக்கும். வாழைப்பழ வாசனை, கிராம்பு வாசனை அடிக்கும். எசன்ஸ் கிடையாது. எல்லாம் ஈஸ்ட் செய்கிற வேலை.

மூன்றாவது, இலங்கை லயன் ஸ்டவுட். நுவரெலியாவில் 1849-ல் தொடங்கிய ஆலையின் வாரிசு. வறுத்த தானியம் சேர்ப்பதால் கறுப்பு நிறம், டிகாக்ஷன் வாசனை. கும்பகோணம் டிகிரி காபிக்குப் பழகிய நாக்குக்கு உடனே பிடித்துவிடும். ஆனால் வீரியம் 8 சதத்துக்குக் குறையாது. பாதி பாட்டில் போதும்!

நான்காவது, 'இந்தியா பேல் ஏல்'. இங்கிலாந்தில் காய்ச்சி, கப்பலில் இங்கே இருந்த வெள்ளைக்காரர்களுக்கு அனுப்பியது. பேரில் இந்தியா, கோப்பையில் துரை! பாகற்காய் பிடித்தவர்களுக்கு இதுவும் பிடிக்கும்.

தம்பி சிரித்தார். "இதெல்லாம் நம்ம கடையில ஏதுண்ணே?"

அதுதானே கேள்வி! கர்நாடகத்தில் சின்ன ஆலைக்கு லைசென்ஸ் கொடுத்துப் பத்து வருஷத்துக்கு மேலாகிவிட்டது. கொரியாக்காரர், ஜப்பான்காரர், ஜெர்மன்காரர் எல்லோரும் வேலை பார்க்கிற வட்டாரம் இது. கார் செய்கிறோம், லாரி செய்கிறோம், மோட்டார் சைக்கிள் செய்கிறோம். ருசி பார்த்துக் குடிக்க ஒரு பீர் மட்டும் இங்கே அபூர்வம்!

நாலு பெக்!

ருசி போகட்டும். தம்பி சொன்ன 'ஏறுகிற' கணக்கைப் பார்ப்போம். பேனாவை எடுத்து டீக்கடைப் பேப்பரிலேயே போட்டுக் காட்டினோம்.

650 மில்லி பாட்டில். 5 சதம் என்றால் அதில் சாராயச் சத்து 32 மில்லி சொச்சம். 8 சதம் ஸ்ட்ராங்கு என்றால் 52 மில்லி. பிராந்தியில் ஒரு சின்ன பெக், அதாவது 30 மில்லியில், இருப்பது ஏறக்குறைய 13 மில்லி.

அப்படியானால் ஒரு ஸ்ட்ராங்கு பாட்டில் நாலு பெக் பிராந்திக்குச் சமம்!

"பீருதானே" என்று சொல்லிக்கொண்டு நாலு பெக் அடித்துவிட்டு வண்டியை உதைக்கிறோம். இரண்டு பாட்டில் என்றால் எட்டு பெக்!

சட்டம் என்ன சொல்கிறது? 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் தாண்டக்கூடாது. 65 கிலோ ஆள் ஒரு ஸ்ட்ராங்கை மடமடவென்று குடித்தால் ஏறக்குறைய 90 வரை போகும். மூன்று மடங்கு! லைட் ஒரு பாட்டிலே 50-ஐத் தொட்டுவிடும். ஆகவே லைட்டு குடித்தேன், வண்டி ஓட்டலாம் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். முதல் தடவை பிடிபட்டாலே பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், ஆறு மாதம் வரை ஜெயில்.

ஒரு ஸ்ட்ராங்கு உடம்பை விட்டு இறங்க ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். அதற்குள் நம் தம்பி எங்கே இருப்பார்? வண்டலூர்-வாலாஜாபாத் ரோட்டில்! சிங்கப்பெருமாள்கோவில் ரோட்டில்! முன்னால் கன்டெய்னர், பின்னால் டிரெய்லர். நடுவில் தவணையில் வாங்கிய டூவீலர். ஊரில் அம்மா போனுக்குக் காத்திருப்பார்.

யார் கற்றுக்கொடுத்தது?

தம்பியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 1937-ல் சேலத்தில் ராஜாஜி மதுவிலக்கு கொண்டுவந்தார். 1948-ல் மாகாணம் முழுக்க வந்தது. 1971-ல் திறந்தார்கள். 1974-ல் மூடினார்கள். 1981-ல் மறுபடி திறந்தார்கள். 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 2003-ல் சில்லறைக் கடையும் அதன் கைக்கு வந்தது.

மூடி மூடித் திறந்ததில் ஜனங்கள் கற்றது ஒன்றுதான். கிடைக்கும்போது அடி! சீக்கிரம் அடி! யாரும் பார்ப்பதற்குள் அடி! உட்கார்ந்து, சாப்பாட்டோடு, பேசிக்கொண்டே ஒரு கிளாஸ் என்ற பழக்கமே நமக்கு வரவில்லை. ஏறுவது ஒன்றுதான் லட்சியம் என்றால் கம்பெனிக்காரன் எதைக் காய்ச்சுவான்? ஏறுவதைத்தான் காய்ச்சுவான்!

விலையும் அப்படித்தான் இருக்கிறது. லைட்டுக்கும் ஸ்ட்ராங்குக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கிறவன் எதை எடுப்பான்? நீங்களே சொல்லுங்கள்.

வரியை மாற்றினால் பாட்டிலும் மாறும். ஜப்பானில் பீரில் சேர்க்கிற மால்ட்டின் அளவைப் பார்த்து வரி போட்டார்கள். 1994-ல் மால்ட் குறைந்த 'ஹப்போஷு' சந்தைக்கு வந்துவிட்டது! இங்கிலாந்தில் 2023 ஆகஸ்ட் முதல் எல்லா மதுவுக்கும் வீரியத்தைப் பார்த்துத்தான் வரி.

இங்கேயும் செய்யலாமே! 8 சதத்துக்கு ஒரு விலை, 5 சதத்துக்கு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி குறைந்த விலை. எல்லாக் கடையிலும் லைட் பீர், அதுவும் ஜில்லென்று. எத்தனை சதம் என்று பாட்டிலில் பெரிய எழுத்தில், தமிழில். ஷிப்டு முடிகிற நேரத்துக்குக் கூட்டு ரோட்டிலிருந்து கூடுதல் பஸ். இதில் எதற்கும் கமிஷன் போட்டு ஆராய வேண்டியதில்லை.

2023 ஜூன் மாதம் 500 கடைகளை மூடினார்கள். நல்லது. ஆனால் மூடாத கடையில் என்ன விற்கிறது என்பதையும் பார்க்கவேண்டாமா?

கணக்கு முடிந்தது. தம்பி அந்தப் பேப்பரை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நாலு பெக்காண்ணே? எங்கப்பா அதைக் குடிச்சதுக்குத்தான் நான் பிளஸ் டூ-வோட வேலைக்கு வந்தேன்."

நமக்குப் பேச்சு வரவில்லை. டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்தார். வண்டியை டீக்கடை ஓரமாகப் பூட்டினார். எதிர்க் கடைக்குப் போனாரா, பஸ்ஸைப் பார்த்துப் போனாரா, கூட்டத்தில் தெரியவில்லை. எங்கே போயிருந்தாலும் வண்டி அன்று ராத்திரி அங்கேயே நின்றது. அதுவரைக்கும் நிம்மதி!