மனைக்கு உரியவரும் தெருவுக்கு உரியவரும்

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26ஆம் நாள் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. சான்றிதழ் ஒன்றுக்காக விழுப்புரத்துக்குப் பேருந்து ஏறிய காலம் முடிந்தது. ஆட்சியர் அலுவலகம் வந்தது. பிற துறைகளின் தலைமை அலுவலகங்கள் வந்தன. அவற்றின் பின்னே மனை விலையும் ஏறி வந்தது. கரும்பும் மக்காச்சோளமும் நின்ற நிலங்களில் எல்லைக்கல் நட்டு, வாயிலில் வளைவு எழுப்பி, 'நகர்' என்று பெயர் சூட்டினர். மனை வாங்கியோருள் ஆசிரியர் உண்டு, அரசு அலுவலர் உண்டு, வளைகுடா நாடுகளில் உழைத்துச் சேர்த்தவர் உண்டு, காட்டை விற்றுவிட்டுப் பிள்ளைகளின் படிப்புக்காக ஊரை விட்டு வந்த உழவரும் உண்டு. சாதியாலும் ஊராலும் உறவாலும் முன்பின் தொடர்பில்லாத இவர்கள் ஒரே தெருவில் கதவு வைத்து வாழத் தலைப்பட்டபோது, குடியிருப்போர் நலச்சங்கம் என்ற ஒன்று தேவைப்பட்டது. அந்தச் சங்கம் யாருடையது என்பதே நாம் இன்று எழுப்பும் வினா.

அதன் கூட்டம் எவ்வாறு நடக்கிறது என்பதைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ஞாயிறு மாலை, மேல்நிலைத் தொட்டியின் அடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள். பொருளாளர் மடியில் நீளவாக்கில் தைத்த கணக்கு நோட்டு. ஆழ்துளைக் கிணற்றின் மோட்டார் சுருள் எரிந்து போனது, காவலாளியின் இரண்டு மாதச் சம்பளம் நிற்பது, மூன்றாம் தெருவின் கழிவுநீர் நான்காம் தெருவின் வாசலில் தேங்குவது என்று பேச்சு தொடங்கும். வெளியூரில் பணியாற்றும் ஒருவர், பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு முழுச் சந்தா எதற்கு என்பார். மனை வாங்கி இன்னும் வீடு கட்டாதவர், தம் மனையில் முளைத்த சீமைக்கருவேலத்துக்குத் தாம் பொறுப்பல்லர் என்பார். நாற்காலியில் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் ஆண்கள். எந்தக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் நின்றது என்பதை நாள்தோறும் அறியும் பெண்கள் அவரவர் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பர். வாடகைக்குக் குடியிருப்போர் அங்கும் இரார். அவர்களை எவரும் அழைப்பதில்லை. மாதச் சந்தாவை அவர்களே கட்டுகின்றனர். ரசீதோ வீட்டுக்காரர் பெயரில் கிழிக்கப்படுகிறது.

இது எவரோ தீங்கெண்ணிச் செய்த ஏற்பாடன்று. பத்திரத்தில் பெயர் உள்ளவரே உறுப்பினர் என்று விதியில் எழுதினால் வேலை எளிது, அப்படியே எழுதிவிட்டனர். ஆனால் ஒரு வீட்டின் சுவருக்குள் நடப்பதற்குப் பத்திரம் போதும். சுவருக்கு வெளியே உள்ள சாலை, சாக்கடை, விளக்கு, குப்பை, தண்ணீர் ஆகிய ஐந்தையும் ஆள்வதற்குப் பத்திரத்தை அளவுகோலாகக் கொள்வது ஏன்?

சட்டத்தின் நிலையை ஆராய்ந்தால் இக்கேள்வி இன்னும் கூர்மை பெறும். அடுக்குமாடி வீடுகளுக்கென 1994இல் ஒரு சட்டம் இருந்தது. அதன் இடத்தில் 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் இயற்றப்பட்டு 2024இல் நடைமுறைக்கு வந்தது. அங்கே மாடிப்படியும் மொட்டை மாடியும் நிலமும் உரிமையாளர் அனைவருக்கும் பிரிவுபடாப் பங்காக உள்ளவை. ஆகவே உரிமையாளர் சங்கத்துக்கு அவற்றை ஆள ஒரு நியாயம் உண்டு. மனைப்பிரிவின் கதை வேறு. அங்கே மனை மட்டுமே வாங்கியவருடையது. சாலைகளை மனைப்பிரிவை அமைத்தவர் தானப்பத்திரம் எழுதி ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ ஒப்படைத்துவிடுகிறார். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவாயின், சாலை போக எஞ்சிய பரப்பில் 10 விழுக்காட்டைப் பொது ஒதுக்கிடமாக விட்டு அதையும் உள்ளாட்சியிடம் ஒப்புவிக்க வேண்டும். ஆக, நலச்சங்கம் பராமரிக்கும் எதுவும் நலச்சங்கத்துக்குச் சொந்தமில்லை. 1975ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றிருந்தாலும் அது விரும்பிச் சேர்ந்தோர் கூட்டமே. சந்தா கட்டாதவரின் குடிநீரைத் துண்டிக்கும் அதிகாரம் அதற்கு எங்கிருந்து வந்தது? ஊருக்குத் தானமாக எழுதிக் கொடுத்த சாலையின் குறுக்கே கதவு நாட்டி, 'வெளியார் நுழையத் தடை' என்று பலகை மாட்டும் உரிமையை யார் வழங்கினர்?

இப்பொது இடங்கள் காகிதத்திலேனும் இருப்பது புதிய மனைப்பிரிவுகளில்தான். பழையவற்றின் நிலையோ இரங்கத்தக்கது. ஊராட்சித் தலைவரின் முத்திரையையே ஒப்புதலாக நம்பி, மக்கள் வழக்கில் 'பஞ்சாயத்து அப்ரூவல்' எனப்பட்டதை வாங்கிக் குடியேறினோர் தமிழகமெங்கும் ஏராளம். 2016 செப்டம்பர் 9ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை விதித்த பிறகே பலருக்குத் தம் தெருவின் அகலம் தெரிய வந்தது. 2017 மே மாதம் வந்த வரன்முறைத் திட்டம், 2016 அக்டோபர் 20க்கு முன் விற்ற மனைகளுக்குக் கட்டணம் பெற்று ஒழுங்கு செய்து கொடுத்தது. மனை ஒழுங்காயிற்று, பூங்காவுக்கு விடாத இடம் விடாததாகவே நின்றது.

ஊர் கூடி ஆளும் முறை என்றதும் நம்மவர் உத்திரமேரூர்க் கல்வெட்டை எடுத்துவிடுவர். பராந்தகச் சோழன் காலத்தில், 919இலும் 921இலும் பொறித்த அவ்விதிகளை மேடையில் புகழாத தலைவர் இல்லை. முப்பது குடும்புகள், குடவோலை, ஆட்டை வாரியமும் தோட்ட வாரியமும் ஏரி வாரியமும், முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் விலக்கு: இவை பெருமைப்படத்தக்கவையே. ஆனால் அதே கல்லில் பொறித்த மற்றொன்றை விரைவாகக் கடந்துவிடுகிறோம். கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும், தன் மனையில் தானே எடுத்த வீடும் உடையவனுக்கே ஓலையில் பெயர் எழுதப்பட்டது. பெயர் எழுதப்பட்டோர் பிராமணக் குடியினர், ஆடவர், 35 அகவைக்கு மேல் 70க்குள் உள்ளோர். உழுதவரும் குயவரும் அவ்வோலையில் இல்லை. ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழித்துக் கள்ளக்குறிச்சியின் நகர்ச் சங்கங்கள் உத்திரமேரூரிலிருந்து எடுத்துக்கொண்டது வீட்டு உரிமை விதியைத்தான். விட்டுவிட்டது கணக்கு விதியை. எத்தனை சங்கங்களில் ஆண்டுக் கணக்கு தணிக்கை செய்யப்பட்டுத் தெருவில் ஒட்டப்படுகிறது என்று வாசகர் தத்தம் பகுதியில் விசாரித்துப் பார்க்கலாம்.

மேற்கே ஒரு மணி நேரப் பயணத்தில் கல்வராயன் மலை. கோமுகி ஆறு அங்கே பிறந்துதான் கச்சிராயபாளையம் அருகே அணையில் தேங்கி நம் வயல்களுக்கு வருகிறது. சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என மூன்று ஜாகிர்களாகப் பிரிந்து கிடந்த அம்மலை, நாடு விடுதலை பெற்று கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தது. 1976இல், நெருக்கடிநிலைக் காலத்தில்தான் அரசு அதைத் தன் கையில் எடுத்தது. அதுவரை மலையாளிப் பழங்குடியினர் தாம் திருத்திய நிலத்துக்கே வரி கொடுத்து, ஜாகிர்தாரின் நிலத்தில் கூலியின்றியும் உழைத்தனர். பத்திரம் என்ற சொல்லுக்கு அங்கே பொருளே இல்லை. பத்திரம் வைத்திருப்பவனே குடிமகன் என்று கொண்டால், தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்த ஒருவரும் குடிமகன் ஆகார்.

அந்த அநீதியைத் திருத்த வந்த 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஊராட்சி என்பதை வேறு அடித்தளத்தில் கட்டிற்று. யாருக்கு எவ்வளவு நிலம் என்பதை முதலில் ஆராய்வது வருவாய்த்துறையோ வனத்துறையோ இல்லை, கிராம சபை. அச்சபையில் ஊரின் வயது வந்தோர் அனைவரும் உறுப்பினர். பாதிப்பேராவது கூடினால்தான் கூட்டம் செல்லும்; வந்தவருள் மூன்றில் ஒரு பங்கினராவது பெண்களாக இருத்தல் வேண்டும். 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவிலும் அதே பெண்பங்கு. கிடைக்கும் உரிமை மணமானவர்க்குக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதிவாகும், மக்கட்கு வழிவழி செல்லும், விற்க இயலாது. கீழே நகர்ச் சங்கம் செய்யத் தயங்குவதை மேலே மலைக்குச் சட்டம் விதித்திருக்கிறது: வாழ்பவரை எண்ணு, பெண்ணைப் பெயரிட்டு எண்ணு, போதிய பேர் வராவிடில் முடிவெடுக்காதே. படித்தோர் குடியிருப்பு என்று பெருமை பேசும் நகர்கள், வெள்ளிமலைக்கு அப்பால் உள்ள சிற்றூர்களுக்கு வகுத்த இவ்விதிகளைப் படியெடுத்துக்கொண்டால் அவற்றுக்கு இழுக்கு ஏதும் நேராது.

நடப்பு விதியைப் போல் அழகாக இல்லை என்பதையும் மறைக்கலாகாது. சென்னை உயர் நீதிமன்றத்தின் 2008ஆம் ஆண்டு இடைக்கால ஆணையால் தமிழகத்தில் உரிமைப் பட்டயம் வழங்குவது தடைப்பட்டு, 2016இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிய பின்னரே வழி திறந்தது. சாலையும் மருத்துவமும் கேட்டு மலைமக்கள் இன்றும் மனுவோடு நிற்கின்றனர். 2024இல் உயர் நீதிமன்றம் தானே முன்வந்து அவர்தம் வாழ்நிலையை விசாரணைக்கு எடுத்தது. அதற்குத் தூண்டுதலாக அமைந்தது நம் நகரின் நடுவே நிகழ்ந்த ஒரு கொடுமை.

அவ்வாண்டு சூன் மாதம் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அருந்தி 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். காவல் நிலையமும் நீதிமன்றமும் அருகிலேயே உள்ள பகுதி அது. விற்பனை நெடுநாளாக நடந்ததை அக்கம்பக்கத்தார் அறிவர். சொன்னால் கேட்க ஆளில்லை என்பதையும் அறிவர். ஒரு நகர்ச் சங்கத்தின் செயலாளர் தெருவிளக்கு எரியவில்லையென்று முத்திரையிட்ட தாளில் எழுதிக் கொடுத்தால் அலுவலகத்தில் பதில் வருகிறது. கூலி வேலைக்குப் போகும் குடும்பங்களின் தெருவுக்கு அத்தகைய தாள் இல்லை. நலச்சங்கம் என்ற கருவி மனை வாங்க முடிந்தவர் கையில் மட்டும் இருக்கும்வரை, மாவட்டத் தலைநகரின் செவி ஒரு பக்கத்துக்கு மட்டுமே கேட்கும்.

இன்னொரு கேட்டையும் குறிப்பிட்டாக வேண்டும். யார் அண்டை வீட்டாராக வரலாம் என்பதைத் தீர்மானிக்கும் ஆசை இத்தகைய குடியிருப்புகள் எங்கும் பிறவியிலேயே கொண்டுவருவது. அமெரிக்காவில் கறுப்பினத்தார்க்கு வீடு விற்கலாகாது என்று மனைப்பத்திரங்களிலேயே எழுதி வைத்தனர். அவ்வாசகங்களை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரலாகாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1948இல் தீர்ப்பளித்தது. நம் உச்ச நீதிமன்றமோ 2005இல், பார்சிகளுக்கு மட்டுமே உறுப்பினர் உரிமை என்று வரையறுத்த குசராத்துக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் ஒன்றின் விதியைச் செல்லும் என்றது. சிறுபான்மைச் சமயத்தார் ஒருவர் தம் வாழ்முறையைக் காக்கச் செய்த ஏற்பாடு என்ற வாதத்தில் வலு இல்லாமலில்லை; எனினும் அத்தீர்ப்பு திறந்துவிட்ட வாயில் நமக்கு அச்சமூட்டுகிறது. இங்கே விதியில் எழுதவும் தேவையில்லை. வாடகைக்கு வீடு கேட்டு வருபவரிடம் 'எந்த ஊர், எந்தத் தெரு' என்று கேட்டாலே போதும். விடை கேட்டதும் வீடு ஏற்கெனவே பேசி முடிந்துவிட்டதாகிவிடும். சங்கம் இதைச் செய்வதில்லை, தனி ஒருவர் செய்கிறார் என்று தப்பித்துக்கொள்வதை நாம் ஏற்பதற்கில்லை. குப்பை கொட்டியவருக்குத் தண்டம் விதிக்கத் துணியும் சங்கம் இதைப் பற்றி ஒரு தீர்மானம் எழுதத் துணியலாம்.

அரசு செய்ய வேண்டியது உண்டு. தானமாகப் பெற்ற சாலைகளையும் ஒதுக்கிடங்களையும் அளந்து, எண்ணிட்டு, மனைப்பிரிவின் வாயிலில் வரைபடத்தோடு பலகை வைக்க வேண்டும். பல இடங்களில் ஒதுக்கிடம் எதுவென்பது அங்குள்ளோர்க்கே தெரியாமல், செங்கல் அடுக்கும் திடலாகக் கிடக்கிறது. மனைப்பிரிவுச் சங்கங்களுக்கென விதிமுறை வகுக்கும்போது உறுப்பினர் தகுதி குடியிருத்தலாக அமையட்டும். கட்டடம் கட்டுதல், மனையை விற்றல் போன்ற உரிமையாளர்க்கே உரிய செய்திகளில் மட்டும் உரிமையாளர் வாக்கு நிற்கட்டும்.

சங்கங்கள் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. வாடகைக் குடியினர் பெயரையும், ஒவ்வொரு வீட்டுப் பெண்ணின் பெயரையும் பதிவேட்டில் எழுத ஒரு பொதுக்குழுத் தீர்மானமே போதும். கூட்டத்தை அவர்களால் வர முடியும் நேரத்தில் வைப்பதற்குத் தீர்மானமும் வேண்டியதில்லை.

மேலும், இந்நகர்களில் பெரும்பாலானவை நகராட்சி எல்லைக்கு வெளியே, ஊராட்சிகளில் உள்ளன. அவ்வூராட்சிகளின் கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகத்து 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தம் சாலை, விளக்கு, ஒதுக்கிடம் அனைத்துக்கும் சட்டப்படி உரிய மன்றம் அதுவே. ஆயினும் நகர்வாசிகள் அதை 'ஊர்க்காரர் கூட்டம்' என்று சொல்லி ஒதுங்குகின்றனர். ஊர்க்காரரும் இவர்களை வந்தேறிகளாகவே பார்க்கின்றனர். வரும் நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று, ஒவ்வொரு நகர்ச் சங்கமும் தன் ஆண்டுக் கணக்கோடும், வாடகைக்கு இருப்போர் உட்படத் தன் மக்களோடும் சென்று அச்சபையின் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். நகராட்சிக்கு உட்பட்டோர்க்குப் பகுதி சபை இருக்கிறது; 2022 முதல் அதற்கு விதியும் இருக்கிறது. தம் பகுதியில் அது கூட்டப்படவில்லையெனில், ஏன் கூட்டவில்லை என்று ஆணையரிடம் எழுத்தில் கேட்கும் உரிமை வாடகைக் குடியினருக்கும் உண்டு.