அரை மணி நேரம் கொடுங்கள்!

கச்சிராயபாளையம், கல்வராயன் மலை அடிவாரத்தில் உள்ள ஊர். பக்கத்தில் கோமுகி அணை. சுற்றிலும் கரும்பும் நெல்லும் மரவள்ளியும் விளைகின்றன. உடல் உழைப்பு என்றால் என்ன என்று இந்த ஊர்ப் பெண்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியது இல்லை.

ஆனால், கல்லூரிக்குப் போகும் மகளின் கதை வேறு. பஸ்சில் உட்காருகிறாள். வகுப்பில் உட்காருகிறாள். வீட்டுக்கு வந்தால் புத்தகத்தின் முன் உட்காருகிறாள். அம்மியும் ஆட்டுக்கல்லும் மூலைக்குப் போய்விட்டன.

"மூன்று மாதமாகத் தீட்டு வரவில்லை அம்மா" என்று ஒருநாள் சொல்கிறாள்.

"வெளியே சொல்லாதே! கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்."

பல வீடுகளில் கிடைக்கும் பதில் இதுதான். இந்தப் பதில் தவறு!

கட்டி அல்ல

டாக்டர்கள் இதை "பி.சி.ஓ.எஸ்." என்கிறார்கள். மக்கள் "நீர்க்கட்டி" என்கிறார்கள். பெயரைக் கேட்டதும் பயம் வருகிறது. உண்மையில் இது அறுத்து எடுக்க வேண்டிய கட்டி அல்ல. முழு வளர்ச்சி பெறாத கருமுட்டைப் பைகளே ஸ்கேனில் சின்னக் கொப்புளங்கள் போலத் தெரிகின்றன.

1935-ம் ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோ நகர டாக்டர்கள் ஸ்டைன், லெவந்தால் இருவரும் 7 பெண்களைப் பரிசோதித்து இந்த நோயைப் பற்றி எழுதினார்கள். இன்று உலகில் குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களில் ஏறத்தாழ 10 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. அவர்களில் 100-க்கு 70 பேர் வரை, தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாமல் இருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

உடற்பயிற்சி எதற்கு?

ரத்தத்தில் உள்ள சர்க்கரையைத் தசைக்குள் அனுப்புவது இன்சுலின். இந்த நோய் உள்ள பலருக்கு அது சரியாக வேலை செய்வது இல்லை. உடனே உடம்பு மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. அது சினைப்பையைத் தூண்டுகிறது. ஆண்களுக்கு மிகுதியாகச் சுரக்கும் ஹார்மோன் பெண் உடம்பில் கூடுகிறது. முகத்தில் முடி, பரு, தள்ளிப்போகும் மாதவிலக்கு எல்லாம் இதன் விளைவு.

தசை வேலை செய்தால் சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்ளும். இன்சுலின் குறையும். உடற்பயிற்சியின் ரகசியம் இதுதான்!

2023-ல் வெளியான சர்வதேச மருத்துவ வழிகாட்டி கணக்குச் சொல்கிறது. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம். அதாவது 5 நாள், தினம் அரை மணி நேரம் வேக நடை. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். வாரத்தில் 2 நாள் தசைக்கு வலு தரும் பயிற்சியும் வேண்டும். பள்ளி மாணவிகளுக்குத் தினம் ஒரு மணி நேரம்.

எடை குறையவில்லையே என்று சோர்ந்துவிடக் கூடாது. எடை குறையாவிட்டாலும் பலன் உண்டு. ஆந்திராவில் அனந்தபூரில் விடுதியில் தங்கிப் படித்த 90 மாணவிகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. பாதிப் பேருக்கு யோகா, மீதிப் பேருக்குச் சாதாரண உடற்பயிற்சி. தினம் ஒரு மணி நேரம், 12 வாரம். யோகா செய்தவர்களுக்கு இன்சுலின் நன்றாகக் குறைந்தது. மாதவிலக்கும் சீர்பட்டது. எடையில் மட்டும் இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை!

யார் கையில் இருக்கிறது?

உடற்பயிற்சி மட்டுமே போதும் என்று இருந்துவிடக் கூடாது. மூன்று மாதம் மாதவிலக்கு வராவிட்டால் டாக்டரிடம் போக வேண்டும். ஒல்லியான பெண்ணுக்கும் இந்த நோய் வரும். நாள் முழுவதும் கரும்பு வெட்டும் பெண்ணுக்கும் வரும். அவளைப் பார்த்து "நட" என்று சொல்வது நியாயம் அல்ல. அவளுக்கு முதலில் வேண்டியது ஓய்வும் சிகிச்சையும்.

மற்றவர்களுக்கு மருந்து தெருவிலேயே இருக்கிறது. ஆனால் அதை வாங்க நேரம் வேண்டும். மகன் பந்து விளையாடப் போனால் யாரும் காரணம் கேட்பது இல்லை. மகள் நடக்கப் போனால் மட்டும், "எங்கே? எதற்கு? வீட்டு வேலை போதாதா?" என்று கேட்கிறார்கள்.

வீடு கூட்டுவதும் பாத்திரம் தேய்ப்பதும் வேலைதான். ஆனால் மூச்சு வாங்க, விடாமல் அரை மணி நேரம் நடப்பதற்கு அவை ஈடாகாது.

அப்பா கூட நடக்கலாம். தம்பி பாத்திரம் தேய்க்கலாம். தெருவிளக்கு எரியவும், மாலையில் பள்ளி மைதானம் பெண்களுக்குத் திறந்திருக்கவும் ஊர்ப் பெரியவர்கள் வழி செய்யலாம்.

கல்யாணம் நோய்க்கு மருந்து அல்ல. மகளுக்குச் சீர்வரிசை சேர்க்கும் பெற்றோர், இன்றைக்கே அவளுக்கு அரை மணி நேரம் கொடுக்கட்டும்!