உப்புக் காற்றில் உறங்கிய சீடி 125

கடலோர ஊரான உடப்பில் பாதி வீட்டு விறாந்தையில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் படங்குக்குள் கிடக்கும். 2022இல் எரிபொருள் கியூஆர் அட்டைக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் என்றிருந்த நாட்களில் ஒதுக்கப்பட்டவை பல. எங்கள் மாமாவின் ஹொண்டா சீடி 125 அதற்கும் முந்தியது.

இப்படிப்பட்டதைக் கண்டதும் நம் பொடியன்கள் செய்யும் முதல் வேலை கிக்கரை ஓங்கி மிதிப்பது. என்னைக் கேட்டால் அதைப்போல மடத்தனம் இல்லை. பாலாவியில் உப்பு விளைய வைக்கும் அதே வெயிலும் காற்றும்தான் டாங்கிக்குள்ளும் துருவை விளைய வைக்கின்றன. டோர்ச் அடித்துப் பாருங்கள், தெரியும். பழைய பெற்றோலை முழுக்க வடித்து, காபரேட்டரைக் கழற்றி, பிசினாய் இறுகியதைச் சுரண்டாமல் கரைத்தெடுக்க வேண்டும். ஊசி விட்டுக் குத்தினால் ஜெற்றின் துளை பெருத்துவிடும். சீடிக்கு சிலிண்டர் இரண்டு. இரண்டு பிளக்கையும் கழற்றி, துளைக்குள் கொஞ்சம் எஞ்சின் ஒயில் விட்டு ஓர் இரவு ஊறவிட்டு, பிறகு கையால் மெல்லச் சுழற்றுங்கள். பெயின்ற், குரோம் எல்லாம் பிறகு. பிரேக்கும் ரயரும் முந்தி.

இவ்வளவு பாடு ஏன்? 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றது. 2025இல் மீண்டும் திறந்தாலும் வரியோடு சேர்ந்த விலை மீன்பிடிக்காரனுக்கு எட்டாது. ஆகவே, இரும்புக்காரன் நிறுத்து வாங்க வந்தால் திருப்பி அனுப்புங்கள். திருத்தி ஓட்டினால் உள்ளூர் பாஸ்மாருக்கும் வேலை கிடைக்கும்.