மகளின் சம்பாத்தியம் யாருக்கு?

1955-ஆம் ஆண்டு மணமான ஒரு பெண், மூன்றே மாதங்களில் கணவரைப் பாம்புக்கடிக்குப் பறிகொடுத்தார். உடனே புகுந்த வீட்டிலிருந்து விரட்டப்பட்டார். பிறந்த வீடு அவரை ஏற்றுக்கொண்டு படிக்க வைத்தது. வேலைக்குச் சென்று சொந்தக் காலில் நின்ற அவர், 1996-இல் உயில் எழுதாமல் காலமானார். வங்கிக் கணக்குகளிலும் வருங்கால வைப்பு நிதியிலும் அவரது உழைப்பின் பலன் இருந்தது. அதற்கு வாரிசுரிமைச் சான்று கோரினார் அவரது தாயார். தங்களுக்கே உரிமை என்று எதிரே வந்து நின்றவர்கள், இறந்துபோன கணவரின் சகோதரி மகன்கள். 2009-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அவர்களுக்கே சாதகமாக அமைந்தது. சட்டம் தெளிவாக இருக்கும்போது அனுதாபத்துக்கு இடமில்லை என்றது நீதிமன்றம்.

குறை தீர்ப்பில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் 15-ஆவது பிரிவின்படி, உயில் எழுதாமல் இறந்த பெண்ணின் சொத்து முதலில் பிள்ளைகளுக்கும் கணவருக்கும் செல்லும். அவர்கள் இல்லையெனில், அடுத்த இடம் கணவரின் வாரிசுகளுக்கு. அவர்களிலும் எவரும் இல்லாத பிறகே, பெற்றெடுத்த தாய்க்கும் தந்தைக்கும். அதாவது, தாய் தந்தையருக்கு மூன்றாவது இடம்தான்.

சொத்துக்கு உரியவர் யார் என்றறிய வம்சாவளியைத் தேடுவது எல்லாக் குடும்பங்களிலும் நடப்பதே. ஆனால், பிள்ளையில்லாத விதவையின் சொத்து என்றால் தேட வேண்டியது அவரது வம்சாவளியை அல்ல, கணவரின் வம்சாவளியை. அந்தச் சொத்து கணவருடையதாக இருந்து, மனைவியின் மரணத்தை அடுத்து அவர் இறந்திருந்தால் யாருக்குச் சேருமோ அவர்களைக் கண்டறியும்படி 16-ஆவது பிரிவு கூறுகிறது. கணவரின் உடன்பிறந்தார், அவர்களின் பிள்ளைகள், சித்தப்பா, அத்தை, தாய்மாமன் எனக் கிளைகிளையாகச் சென்று, தூரத்துப் பங்காளிகள் வரை தேடலாம். இறந்தவரின் முகத்தையே பார்த்திராதவர் வாரிசாகிறார். வளர்த்த தாய் வாசலில் நிற்கிறார்.

ஆணுக்கு இந்த நிலை இல்லை. உயில் இல்லாமல் ஆண் இறந்தால் அவருடைய தாய், மனைவி மக்களோடு முதல் வகுப்பு வாரிசு. மனைவியின் பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ அவரது சொத்தில் எந்நிலையிலும் பங்கில்லை.

இன்னொரு முரணும் உண்டு. பிள்ளையில்லாத பெண்ணுக்குப் பெற்றோரிடமிருந்து வாரிசுரிமையாக வந்த சொத்து, தந்தையின் வாரிசுகளுக்கே திரும்பும் என்கிறது அதே 15-ஆவது பிரிவு. தந்தை விட்டுச் சென்ற நிலம் பிறந்த வீட்டுக்குத் திரும்பும். தந்தை கொடுத்த படிப்பால் மகள் ஈட்டிய பணம் மட்டும் திரும்பாது!

மணமான பெண் கணவர் குடும்பத்தவள் என்பதே இச்சட்டத்துக்குச் சொல்லப்படும் நியாயம். பெண்கள் ஊதியம் ஈட்டுவது அரிதாக இருந்த 1956-இல் அது பெரிதாக உறுத்தாமல் இருந்திருக்கலாம். அதன்பின் நாடாளுமன்றமே அந்த நியாயத்தைக் கைவிட்டுவிட்டது. மணமான மகளும் பிறப்பால் கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்குதாரர் என்றது 2005-ஆம் ஆண்டுத் திருத்தம். பெற்றோரைப் பராமரிக்கும் கடமை மகனைப் போலவே மகளுக்கும் உண்டு என்றது 2007-ஆம் ஆண்டுச் சட்டம். உயிருடன் இருக்கும்வரை பெற்றோரைக் காக்க வேண்டிய மகளின் பணம், அவர் இறந்ததும் அதே பெற்றோருக்கு அந்நியமாகிவிடுவது என்ன நியாயம்?

சட்ட ஆணையம் 2008-இலேயே தனது 207-ஆவது அறிக்கையில் ஒரு நடுவழியைக் காட்டியது. இத்தகைய பெண்ணின் சுயசம்பாத்தியச் சொத்தில் கணவர் வழி வாரிசுகளோடு பிறந்த வீட்டு வாரிசுகளுக்கும் பங்கு தரலாம் என்பதே அது. 2012-இல் மும்பை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர், இப்பிரிவு பாலினப் பாகுபாடு கொண்டது. அரசியல் சட்டத்துக்கு முரணானது என்றார். ஆயினும் பிரிவு மாறவில்லை. 2025 நவம்பரில் இதை எதிர்த்த மனுவை விசாரித்த உச்ச நீதிமன்றமும், அது செல்லுமா என்ற கேள்விக்கு விடை கூறாமல், பெண்கள் உயில் எழுதிவைக்க வேண்டும் என்று அறிவுறுத்தி முடித்துக்கொண்டது.

நல்ல அறிவுரைதான். வங்கிக் கணக்கில் தாயின் பெயரை நாமினியாகக் குறித்தாலே போதும் என்று நினைப்போர் பலர். நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவரே தவிர, உரிமையாளர் அல்லர். எனவே உயில் அவசியம். ஆனால், முப்பது வயதில் யார் உயில் எழுதுகிறார்கள்? உயில் எழுத நேரமில்லாமல் மரணம் வரும்போது காக்க வேண்டியதற்காகத்தானே வாரிசுரிமைச் சட்டம் இருக்கிறது?

இதற்குப் பொது சிவில் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு பிரிவில் ஒரு திருத்தம் போதும். நாடாளுமன்றம் தயங்கினால் மாநிலங்களுக்கும் வழியுண்டு. வாரிசுரிமை பொதுப் பட்டியலில் உள்ள பொருள். மகளுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் சம பங்கு தரும் திருத்தத்தைத் தமிழ்நாடு 1989-இலேயே நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தில்லி அதைப் பின்பற்ற 16 ஆண்டுகள் ஆயின. அன்று மகளுக்குச் சொத்துரிமை பெற்றுத் தந்தவர்கள், இன்று மகளின் சொத்தில் தாய்க்கும் உரிமை கேட்கலாம்.

தாயாருக்கு நீதி கிடைக்காத அந்த வழக்கு முடிந்து ஆண்டுகள் பல கடந்துவிட்டன. அடுத்த தாயாவது நீதிமன்றப் படியேறி, சம்பந்தி வீட்டாரின் வம்சாவளி முன் தோற்று நிற்கக் கூடாது. அதைச் செய்ய வேண்டிய இடம் நீதிமன்றம் அல்ல, நாடாளுமன்றம்.