பயணம் ஒத்துக்கொள்ளாதவன் ஆட்டக்காரன் இல்லையா?

'பஸ் ஏறவே பயப்படுகிறவனுக்கு ஜெர்சி எதற்கு?' என்று கேட்டிருக்கிறார் ஒரு விளையாட்டுக் கட்டுரையாளர். பதற்றம் என்பது கோடிகளில் புரள்பவர்களின் சாக்காம். சுகரும் இளைப்பும் உள்ளவர்கள் வெளியூர்ப் போட்டியில் அணிக்குப் பாரமாம். வ. புதுப்பட்டியிலிருந்து பிள்ளைகளைப் போட்டிக்கு அனுப்பிவைக்கிற எனக்கு, படிக்கப் படிக்க ஆத்திரம்தான் வந்தது.

பாகிஸ்தான் பந்துவீச்சாளர் வாசிம் அக்ரமுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது 1997-இல். ஒருநாள் கிரிக்கெட்டில் 500 விக்கெட்டை முதலில் தொட்டவர் அவர்தான், 2003 உலகக் கோப்பையில். இன்சுலினோடு ஊர் ஊராகச் சுற்றித்தான் தொட்டார். அவர் யாருக்குப் பாரம்? பயத்தால் விமானமே ஏறாத கால்பந்து வீரர் பெர்க்காம்பை வைத்துக்கொண்டு ஆர்சனல் மூன்று முறை லீக் பட்டம் வென்றது.

இங்கிலாந்து கிரிக்கெட் வீரர் மார்கஸ் டிரெஸ்கோதிக் கதையைக் கட்டுரையாளர் படித்திருக்கவே மாட்டார். 2006 பிப்ரவரியில் இந்தியச் சுற்றுப்பயணத்தைப் பாதியில் விட்டு ஊர் திரும்பிய அவர், காரணம் கேட்டபோது வைரஸ் என்றார். மனச்சோர்வு என்று சொல்ல நாக்கு எழவில்லை. சொன்னால் கோழை என்பார்களே! அந்த வருஷமே ஆஸ்திரேலியாவிலிருந்தும் திரும்பினார். 2008-இல் ஹீத்ரூ விமான நிலையத்தில் உடைந்துபோனார். அதோடு ஆட்டம் மறந்துவிட்டதா? சாமர்செட் அணிக்கு 2019 வரை ஆடினார். அவரை முடக்கியது வீட்டைவிட்டு மாதக்கணக்கில் விலகியிருக்கும் பயணம். மட்டையைப் பிடித்த கை நன்றாகத்தான் இருந்தது.

கட்டுரையாளரே, 'பாதியில் போனவன் போனவன்தான்' என்கிறீர்கள். 2021 ஏப்ரலில் வீட்டில் கொரோனா, தூக்கமில்லை என்று ஐ.பி.எல்.லைப் பாதியில் விட்டுப் போனார் நம் அஸ்வின். அதே ஆண்டு நவம்பரில் கான்பூரில் ஹர்பஜனின் 417 டெஸ்ட் விக்கெட்டுகளைத் தாண்டினார்.

எங்கள் ஊர்க் கபடிப் பையன் ஒருவன் இன்ஹேலரை டவுசர் மடிப்பில் ஒளித்துவைத்திருந்தான். ராத்திரி பஸ்ஸில் நெஞ்சு கீச்கீச்சென்று இழுக்கிறது. எடுக்க மாட்டேன் என்கிறான். முன் சீட்டில் பயிற்சியாளர். கேட்டால், "பேரை அடிச்சிருவாங்கண்ணே" என்றான் காதோடு. அவன் மூச்சுக்கு முட்டுக்கட்டை போட்டது இளைப்பு மட்டுமில்லை ஐயா, நீங்கள் எழுதியிருக்கிற இதே பேச்சும்தான்.

கிருஷ்ணன்கோவிலில் நின்று பஸ் பிடிக்காமல், ஸ்ரீவில்லிபுத்தூரில் அவனுக்குப் பொதிகை ரயிலில் படுக்கை எடுத்துக் கொடுக்கலாம். ஒருநாள் முன்னதாகவே போய்ச் சேரலாம். இன்ஹேலர் எல்லோரும் பார்க்க அவன் கையிலேயே இருக்கட்டும். இவற்றில் எது ஆட்டத்துக்குக் கேடு என்று அடுத்த கட்டுரையில் எழுதுங்கள்.